வினைமுற்றும் பாலும்: வாளையார் எல்லையில் இருமை கடந்த வளர்பருவமும் மொழிபெயர்ப்பும்

முன்னுரை

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் வாளையாரில் கேரள எல்லையைத் தொடுகின்றன. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைவதற்கு முன்னர், பாலக்காட்டுப் பகுதி சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அரசியல் எல்லை வகுக்கப்பட்ட பின்னரும் மொழி எல்லை ஒரு கோடாக அமையவில்லை. பாலக்காட்டின் கிழக்குப் பகுதிகளிலும், தெற்கே இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களின் தோட்டப் பகுதிகளிலும் தமிழ் பேசும் மக்கள் தலைமுறைகளாக வாழ்கின்றனர். அங்கு வளரும் குழந்தை வீட்டில் ஒரு மொழியையும் கடைத்தெருவில் மற்றொரு மொழியையும் கேட்டு வளர்வது இயல்பு.

இவ்விரு மொழிகளுக்கிடையே உள்ள இலக்கண வேறுபாடுகளுள் ஒன்று, ஆண், பெண் என்னும் இரு பிரிவுகளுள் எதிலும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாமல் வளரும் இளையோரைப் பற்றிப் பேசும்போதும் எழுதும்போதும் தனிச் சிறப்புப் பெறுகிறது. அது வினைமுற்றின் பால்காட்டும் விகுதியாகும். இவ்விகுதி, இருமை கடந்தோர் என இங்குச் சுட்டப்பெறும் அவ்விளையோரை எவ்வாறு பெயரிடுகிறது, எங்குப் பெயரிடத் தவறுகிறது, மொழிபெயர்ப்பாளர் அவ்விடத்தில் செய்யத்தக்கது யாது என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. எல்லையில் மாறும் வினைமுற்று

தமிழில் படர்க்கை வினைமுற்று எழுவாயின் பாலைத் தவறாது காட்டும். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என ஐம்பாலும் விகுதியால் விளங்கும். எழுவாய் மறைந்து நின்றாலும் விகுதி அதனைக் காட்டிக்கொடுக்கும். மலையாளத்தில் இவ்விகுதிகள் வழக்கொழிந்தன. அவன் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு, அது வந்நு என எல்லாவற்றிற்கும் ஒரே வினைவடிவம் நிற்கிறது. ஏ. ஆர். ராஜராஜவர்மா தம் கேரளபாணினீயத்தில் (1896, திருத்திய பதிப்பு 1917) தமிழிலிருந்து மலையாளம் வேறுபட்ட வகைகளை ஆறு நயங்களாகத் தொகுத்துரைத்தார். அவற்றுள் ஒன்றான 'புருஷபேத நிராசம்' இவ்விகுதி இழப்பையே குறிக்கும்.

இவ்வேறுபாட்டைக் கொண்டு மலையாளம் பால்வேறுபாடற்ற மொழி என முடிவு கட்டுதல் பொருந்தாது. அவன், அவள் என்னும் சுட்டுப்பெயர்கள் அம்மொழியிலும் உள்ளன. கூட்டுகாரன், கூட்டுகாரி போன்ற பெயர்கள் பால் காட்டுகின்றன. 'அந்த ஆள்' என்னும் பொதுப்பொருளில் பிறந்த 'அயாள்' இன்று பெரும்பாலும் ஆணையே சுட்டுகிறது. கவிஞர் விஜயராஜமல்லிகாவின் கவிதைத் தொகுப்பின் பெயர் 'தெய்வத்தின்றெ மகள்' (2018) என்பதாகும். வினையில் பால் ஒழிந்த மொழியிலும் உறவுப்பெயரில் பால் நிலைத்திருப்பதற்கும், அப்பெயரை ஒருவர் தாமே விரும்பி ஏற்பதற்கும் இத்தலைப்புச் சான்றாகும்.

மொழியில் பால்விகுதி இல்லாமையால் சமூகத்தில் பால்வேறுபாடு இல்லாமற் போவதில்லை என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. வங்காளம், துருக்கியம், பின்னிய மொழி ஆகியவற்றின் படர்க்கைச் சுட்டுப்பெயர்கள் ஆண், பெண் வேறுபாடு காட்டுவதில்லை. அதனால் அம்மொழி பேசும் சமூகங்கள் ஒரே தன்மையுடையனவாக ஆகிவிடவில்லை. விகுதியின் செயல் இதனினும் எளியது. ஆயினும் தப்ப முடியாதது. ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்குபவர், பேச்சை முடிப்பதற்கு முன்னரே அவர் எப்பால் என்று தீர்மானித்தாக வேண்டும் என்பதே அது.

2. இலக்கண நூல்களில் இருமை கடந்தோர்

இத்தீர்மானத்தின் இடர்ப்பாட்டைத் தமிழ் இலக்கண நூலார் அறியாதவர் அல்லர். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கமாகிய கிளவியாக்கத்திலேயே, ஆண்தன்மை மாறியோரைக் குறிக்கும் பெயர்கள் உயர்திணையைச் சேர்ந்தன என்றும், அவற்றிற்கெனத் தனி ஈறு இல்லையாதலின் உயர்திணைக்குரிய ஈறுகளையே அவை ஏற்கும் என்றும் விதிக்கிறது. அதே இயலின் பிறிதொரு நூற்பா, அப்பெயர்கள் ஆண்பால் காட்டும் சொல்லைக் கொள்ளா எனத் தடுக்கிறது. பேடி வந்தாள், பேடியர் வந்தார் என்பன அமையும். பேடி வந்தான் என்பது அமையாது. தனி ஈறு இல்லை என்பதை நூற்பாவில் வைத்துக் கூறியமையே இலக்கண ஆசிரியர் அவ்வின்மையை உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்றாகும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூல் இவ்விதியை வேறொரு அடிப்படையில் வகுக்கிறது. ஒரு தன்மையை விட்டு மற்றொன்றை விரும்புவோர், விரும்பிய பாலுக்கே உரியர் என்பது அந்நூலின் கருத்து. அங்கு ஆளப்படும் வினை 'அவாவுதல்' என்பதாகும். உடலமைப்பையோ பிறர் இட்ட பெயரையோ அளவுகோலாக்காமல் அவரவர் அவாவை இலக்கணம் அளவுகோலாகக் கொண்டமை பெரிதும் நோக்கற்பாலது. இந்திய உச்ச நீதிமன்றம் தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் 2014 ஏப்ரல் 15ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், ஒருவர் தம் பாலின அடையாளத்தைத் தாமே உறுதிசெய்துகொள்ளும் உரிமையை ஏற்றது. இரண்டின் நோக்கமும் வேறு. எனினும், பிறர் காண்பதைவிட ஒருவர் விழைவதற்கு முதன்மை தரும் நிலையில் இவை ஒப்புநோக்கத்தக்கன.

ஆயினும் நன்னூலின் அவாவிற்குச் சென்றடையும் இடங்கள் இரண்டே உள்ளன. ஆண்பாலை விழைந்தால் ஆண்பால். பெண்பாலை விழைந்தால் பெண்பால். இரண்டையும் விழையாதவருக்கு அங்கு இடமில்லை. அந்நூற்பாவின் இறுதிப்பகுதி இவ்விருவகையாரும் அஃறிணை போல வருதலும் உண்டு என உடன்படுகிறது. ஆக, ஆண், பெண் என்னும் இரு வாயில்களைத் தவிர இலக்கணம் திறந்துவைத்த மூன்றாம் வாயில் அஃறிணையே ஆகும்.

3. குழவியும் தன்மை திரிந்த பெயரும்

அஃறிணை வாயில் இழிவின் வாயிலாகத்தான் தோன்றியது எனக் கூறுதல் பொருந்தாது. பொருளால் உயர்திணையாயினும் முடிபால் அஃறிணையாகும் சொற்களைத் தொல்காப்பியம் ஒரு பட்டியலாகத் தருகிறது. மகவு, குழவி என்னும் குழந்தைப் பெயர்கள் அப்பட்டியலில் உள்ளன. தன்மை திரிந்ததைக் குறிக்கும் பெயரும் அங்கேயே உள்ளது. உரையாசிரியர்கள் அதற்கு 'அலி' என்பதனை எடுத்துக்காட்டாகக் கொள்வர். குழந்தையும் இருமை கடந்தவரும் ஒரே நூற்பாவில் அருகருகே நிற்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் வளர்பருவத்தை ஆராய்வோருக்கு அது பொருளுடைய ஒன்றாகும்.

'குழந்தை வந்தது' என்னும் தொடரில் இன்றும் எவரும் இழிவைக் காண்பதில்லை. கொங்கு வட்டாரம் உள்ளிட்ட பல பகுதிகளின் பேச்சில் இளம்பெண்களையும் 'அது வந்துச்சு' என அன்போடு சுட்டுவர். ஆனால் அதே 'அது' வளர்ந்த ஒருவரை, அவர் ஆணா பெண்ணா என்னும் ஐயத்தோடு சுட்டும்போது வசைச்சொல்லாகி விடுகிறது. சொல் ஒன்றே, வயதும் நோக்கமும் மாறும்போது அதன் மதிப்புத் தலைகீழாகிறது. மொழிபெயர்ப்பாளர் இம்மாற்றத்தை அகராதியில் காண இயலாது.

4. 'ஒருவர்' என்னும் வழி

அஃறிணைக்குச் செல்லாமலேயே பால் சுட்டாது ஒருமையைக் கூறும் வழியும் தமிழ் இலக்கணத்தில் உண்டு. 'ஒருவர்' என்னும் பெயர் ஆண், பெண் இருபாற்கும் பொது எனவும், பொருளால் ஒருமையாயினும் பன்மை வினையைக் கொள்ளும் எனவும் தொல்காப்பியம் பெயரியலில் கூறுகிறது. நன்னூலும் இதனை வழிமொழிகிறது. 'ஒருவர் வந்தார்' என்னுமிடத்து அர், ஆர் விகுதிகள் உயர்வைக் காட்டுவதற்காக மட்டும் வரவில்லை. பால் இன்னது என வரையறுக்காமையே அங்கு முதன்மை பெறுகிறது.

ஆங்கிலத்தில் பன்மைச் சுட்டுப்பெயரை ஒருவருக்கே வழங்கும் முறையை அமெரிக்கக் கிளைமொழிக் கழகம் 2015ஆம் ஆண்டிற்குரிய சொல்லாகத் தேர்ந்தது. சுவீடிய மொழி 'ஹென்' என்னும் புதிய சுட்டுப்பெயரை 2015இல் தன் ஏற்புடைய சொற்பட்டியலில் சேர்த்தது. அம்மொழிகள் அண்மையில் பெற்ற ஏற்பாட்டிற்கு நிகரான ஒன்று தமிழ் இலக்கணத்தில் முன்னரே வகுக்கப்பட்டுள்ளது எனலாம்.

எனினும் இதில் மனநிறைவு கொள்வதற்குப் பேச்சு வழக்கு இடந்தருவதில்லை. எழுத்துத்தமிழில் பொதுவாக நிற்கும் 'அவர்', பேச்சில் 'அவரு' ஆகும்போது ஆணையே சுட்டுகிறது. பெண்ணுக்கு உரிய மதிப்பு வடிவம் 'அவங்க' என்பதாகும். மலையாளத்திலும் இதற்கு ஒப்பான நிலை காணப்படுகிறது. மதிப்பிற்குரிய ஆணுக்கு 'அத்தேஹம்', மதிப்பிற்குரிய பெண்ணுக்கு 'அவர்' என்பது அங்கு வழக்கு. எனவே தமிழ்ப் பக்கத்தில் பொதுவாக எழுதப்பட்ட 'அவர் வந்தார்' என்னும் தொடர், மேடையிலோ வானொலியிலோ பேச்சுத்தமிழாக மாற்றப்படும்போது இரு பாலுள் ஒன்றில் விழுந்துவிடுகிறது. நாடகத்திற்கும் திரைப்பட உரையாடலுக்கும் மொழிபெயர்ப்போர் இதனைத் தனியே கருதவேண்டும். 'ஒருத்தர்' என்னும் பேச்சுவடிவம் இன்னும் பொதுவாகவே நிற்பது அவர்களுக்குத் துணைசெய்யும்.

5. வளர்பருவத்தின் இடைவெளி

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் இடைவெளி புலப்படும். கைக்குழந்தைக்கு 'அது' உண்டு. பெரியவர்க்கு 'அவர்' உண்டு. இரண்டிற்கும் இடைப்பட்ட பத்து, பன்னிரண்டு ஆண்டுக் காலத்தில் தமிழ் ஒரு பிள்ளைக்கு அவன், அவள் என்னும் இரண்டை மட்டுமே வழங்குகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தாயோ ஆசிரியரோ 'அவர் வந்தார்' எனச் சொல்வதில்லை. சொன்னால் அது கேலியாகவே ஒலிக்கும். மதிப்பு விகுதிக்கு உரிய வயது வரும்வரை பால் பொதுமை அப்பிள்ளைக்குக் கிட்டுவதில்லை. தான் யார் என ஒருவர் முதன்முதலில் தேடத் தொடங்கும் பருவமும் இதுவே. தேடல் நிகழும் காலத்திலேயே மொழி மிகக் குறுகிய வழியைத் தருகிறது.

முன்னிலையிலும் இந்நிலை ஓரளவு காணப்படுகிறது. வந்தாய், வா என்னும் வடிவங்கள் பால் காட்டா. ஆனால் வளர்பருவத்தினரிடம் உரிமையோடு பேசுவோர் சேர்க்கும் டா, டி என்னும் இடைச்சொற்கள் காட்டும். மலையாளத்து எடா, எடி என்பனவும் அத்தகையனவே. கொங்கு வட்டாரத்துப் பெரியோர் இரு பாலாரையும் 'வா கண்ணு' என அழைக்கும் விளி இங்குக் குறிப்பிடத்தக்க விலக்காகும். அன்பும் உரிமையும் குறையாமல் பால் சுட்டாது அழைக்கும் வடிவம் எழுத்துமொழியைக்காட்டிலும் வட்டாரப் பேச்சில் நிலைபெற்றுள்ளது.

பால் அறவே தோன்றாத இடம் தன்மையாகும். வந்தேன், இருந்தேன், நினைத்தேன் என்பவற்றில் சொல்பவர் எப்பால் என்பது விளங்குவதில்லை. தமிழில் திருநங்கையர் எழுதிய குறிப்பிடத்தக்க வாழ்க்கை வரலாறுகள், லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' (2007), ரேவதியின் 'வெள்ளை மொழி' (2011) ஆகியன, தன்மையில் அமைந்தவை. தன்வரலாறு தன்மையில் அமைவது இயல்பே. ஆயினும் பிள்ளைப்பருவத்தைச் சொல்லும் பகுதிகளில், பிறர் இட்ட பாலை வினைமுற்றில் ஏற்காமலேயே தம் கதையைக் கூற இவ்விடம் அவர்களுக்கு வாய்ப்பளிக்கிறது. சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' (1994) போன்ற புதினத்தில், சுயம்பு என்னும் பாத்திரம் மேகலை ஆகும் கதையைப் படர்க்கையில் கூறவேண்டியுள்ளது. இத்தகைய கதையைச் சொல்பவர் ஏதேனும் ஓரிடத்தில் 'ஆன்' விகுதியை விட்டு 'ஆள்' விகுதிக்கு மாற நேரும். அம்மாற்றம் எங்கு நிகழ்கிறது என்பது கதைசொல்லி யார் பக்கம் நிற்கிறார் என்பதைக் காட்டிவிடும். இப்புதினங்களை மதிப்பிடும் திறனாய்வாளர் கதைப்பொருளோடு இவ்விகுதி மாற்றத்தையும் நோக்குதல் வேண்டும்.

6. உணர்வுக்கு இல்லாத பால்

படர்க்கையிலும் தமிழ் முற்றிலும் வாயில்களை அடைத்துவிடவில்லை. பிடிக்கும், தெரியும், புரியும், வேண்டும், வலிக்கும், தோன்றும் முதலிய வினைகளில் உணர்பவர் எழுவாயாக நில்லாது நான்காம் வேற்றுமை ஏற்று நிற்பார். 'அந்தப் பிள்ளைக்கு அந்தச் சட்டை பிடித்தது', 'அந்தப் பிள்ளைக்குத் தன் பெயர் பிடிக்கவில்லை', 'அந்தப் பிள்ளைக்கு அது நெடுநாளாகத் தெரியும்' என்னும் தொடர்களில் பால் இல்லை, மதிப்பும் இல்லை, இழிவும் இல்லை. விரும்பினான், அஞ்சினாள் போன்ற விலக்குகள் இருப்பினும், உள்ளத்து நிகழ்ச்சிகளுள் பலவற்றைத் தமிழ் பால் சுட்டாமலேயே கூறவல்லது. நடந்தான், ஓடினாள் எனப் பிறர் காணும் செயலைக் கூறும்போதே விகுதி வந்து சேர்கிறது.

இதனோடு இல்லை என்னும் எதிர்மறையும் (வரவில்லை), வினையெச்சமும் (வந்து), பெயரெச்சமும் (வந்த பிள்ளை), தொழிற்பெயரும் (வந்தமை) பால் காட்டாதன என்பதைச் சேர்த்து எண்ணவேண்டும். 'மாட்டான், மாட்டாள்' என்னும் எதிர்மறை மட்டும் காட்டும். 'பிள்ளை' என்னும் சொல் சில வட்டாரப் பேச்சில் பெண்ணையே குறிப்பதால், அவ்விடங்களில் இயற்பெயரைத் திரும்பக் கூறுதல் நன்று. இவற்றை ஓரளவே ஆளமுடியும். பக்கம் முழுதும் எச்சங்களாலும் எதிர்மறைகளாலும் நிரப்பினால் நடை முடங்கும். எனவே எல்லா விகுதியையும் தவிர்ப்பதைக்காட்டிலும், பாத்திரம் தன்னைத் தேடும் இடங்களை அறிந்து அவ்விடங்களில் தவிர்ப்பதே மொழிபெயர்ப்பாளருக்கு ஏற்ற நெறியாகும்.

7. மலையாளத்திலிருந்து தமிழுக்கு

பாலீர்ப்பைப் பற்றிய தொடர்களில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. மலையாளத்தில் வளர்பருவத்து ஒருவர் தோழமையுடையவரிடம் 'எனிக்கு ஒராளெ இஷ்டமாணு' எனச் சொல்வதாகக் கொள்வோம். 'ஒராள்' என்பது பால் சுட்டாதது. அடுத்த தொடரில் 'இன்னலெ வந்நு' எனச் சொன்னாலும் விரும்பப்படுபவர் எப்பால் என்பது வெளிப்படாது. சொல்பவர் மறைக்க விரும்பியதை மொழி மறைத்துக் காக்கிறது. இதனைத் தமிழாக்கும்போது 'எனக்கு ஒருவரைப் பிடிக்கும்' என்பதுவரை இடரில்லை. 'நேற்று' என்னும் சொல்லுக்குப்பின் வந்தான், வந்தாள், வந்தார் என்னும் மூன்றனுள் ஒன்றை எழுத நேர்கிறது. 'வந்தார்' என்பது இளையோர் பேச்சில் பொருந்தா மதிப்பைச் சேர்க்கும். மற்ற இரண்டும் சொல்பவர் ஒப்படைக்காத செய்தியை வெளியிட்டுவிடும். சொல்பவர் ஆண் எனக் கருதி 'வந்தாள்' என எழுதும் மொழிபெயர்ப்பாளர், மூலத்தில் இல்லாத ஒரு தீர்ப்பை எழுதியவராவார். 'நேற்று வந்தபோது பார்த்தேன்' என எச்சத்தால் முடித்துத் தன்மை வினையைக் கொண்டு நிறைவுசெய்தால், மூலத்தின் மறைவும் காக்கப்படும். பேச்சின் இயல்பும் கெடாது.

பாலக்காட்டு, இடுக்கி எல்லைப்பகுதிகளில் இத்தகைய மொழிபெயர்ப்பு நூலளவில் நிற்பதன்று. பள்ளியிலும் மருத்துவமனையிலும் வழக்குமன்றத்திலும் ஒருவர் கூற்றை மற்றொரு மொழியில் எழுதும் தேவை எழுகிறது. அங்கு ஒரு விகுதி, இளையவர் ஒருவர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாகப் பதிவுசெய்துவிடக் கூடும்.

8. கலைச்சொற்களின் போக்கு

அண்மைக்காலக் கலைச்சொற்கள் இலக்கணம் விட்ட இடைவெளியை உணர்ந்தே உருவாகியுள்ளன. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் ந. ஆனந்த் வெங்கடேஷ் 2021 சூன் 7ஆம் நாள் சுஷ்மா வழக்கில் வழங்கிய ஆணையைத் தொடர்ந்து, இழிவு பயக்காத சொற்களுக்கான தேடல் வலுப்பெற்றது; தமிழ்நாட்டு அரசு 2022இல் சொற்றொகுதி ஒன்றை வெளியிட்டது. திருநங்கை, திருநம்பி என்னும் சொற்கள் பாலை ஏற்று நிற்பன. திருநர், பால்புதுமையர் என்னும் சொற்கள் ரகர ஈற்றான் முடிந்து பால் பொதுமை காப்பன. இவை 'ஒருவர்' என்னும் பழைய வழியையே மீண்டும் பற்றியுள்ளன என்பது வெளிப்படை.

பாலீர்ப்புச் சொற்களிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. 'ஓரினச்சேர்க்கை' என்னும் பழஞ்சொல் செயலைக் குறிக்கிறது. 'தன்பாலீர்ப்பு' என்பது உள்ளத்தின் சார்பைக் குறிக்கிறது. தன்னை இன்னும் அறிந்துகொண்டிருக்கும் இளையவரைச் 'சேர்க்கை' என்னும் சொல்லால் சுட்டுதல், நிகழாத செயலை அவர்மேல் ஏற்றுவதாகும். மூலத்தில் ஈர்ப்பைக் குறிக்கும் சொல் வருமிடத்துச் 'சேர்க்கை' என எழுதுவது பொருட்பிழையே என்பதை மொழிபெயர்ப்பாளர் உணர்தல் வேண்டும்.

முடிவுரை

தமிழ் இலக்கணம் இருமை கடந்தோரைக் காணாது விடவில்லை. தொல்காப்பியம் அவர்களை உயர்திணையில் வைத்தது; நன்னூல் அவர்தம் அவாவிற்கு இடமளித்தது; இரு நூல்களும் 'ஒருவர்' என்னும் பொதுமையை வகுத்தன. ஆயினும் அப்பொதுமை காலப்போக்கில் மதிப்போடு பிணைந்துவிட்டமையால், மதிப்புப் பெறும் வயதை எட்டாதோருக்கு அது மறுக்கப்படுகிறது. வாளையாரைக் கடக்கும்போது வினைமுற்று இழக்கும் விகுதி, இவ்விழப்பைத் தெளிவாகக் காண உதவுகிறது. மலையாளத்து வினை மௌனமாக விட்டதைத் தமிழ் வினை கேள்வியாக எழுப்புகிறது. அக்கேள்விக்கு விடை கூறும் உரிமை சொல்லப்படுபவருக்கே உரியது. அவர் விடை கூறும்வரை, தமிழ் தன்னகத்தே கொண்டுள்ள எச்சங்களையும் நான்காம் வேற்றுமைத் தொடர்களையும் 'ஒருவர்' என்னும் சொல்லையும் கொண்டு காத்திருப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.